வளைந்த ஊசியை யார் நிமிர்த்துவது?

நீண்ட பதிவு. பொறுமை உள்ள நண்பர்கள் படிக்கவும்.

கடந்த வாரம், பெங்களூரில் உள்ள ஓர் ஆய்வுக்கூடத்தின் ஆளெடுப்பு அறிவிப்பு எங்கள் ஆராய்ச்சி மாணவர் குழுவில் பகிரப்பட்டது. பணி: தொழில்நுட்ப உதவியாளர். கல்வித் தகுதி: ஐ.டி.ஐ. தேர்ச்சி. காலம்: பதினொரு மாத ஒப்பந்தம். தேவைப்படும் திறன்கள் என்ற பத்தியில், விமானக் கருவிகளின் மின் கம்பித் தொகுப்புகளைக் கட்டுதல், கனெக்டர்களைப் பழுதுபார்த்தல், நுண்சால்டரிங், அதிர்வுச் சோதனைக்குக் கருவிகளைப் பொருத்துதல் என்று ஒரு பட்டியல் நீண்டிருந்தது. சம்பளம், ஆராய்ச்சி மாணவனாகிய எனக்கு வரும் உதவித்தொகையைவிடக் குறைவு. குழுவில் ஒருவர் சிரிக்கும் முகக்குறி ஒன்றைப் போட்டு, "கனெக்டர் மாட்டத் தெரிந்தால் போதும்" என்று எழுதியிருந்தார்.

அந்த வரிக்குப் பதில் எழுதத் தொடங்கினேன். குழுவில் எழுதினால் சண்டையாகும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கனெக்டர் என்பது என்ன என்பதைத் துறை சாராத நண்பர்களுக்குச் சொல்ல வேண்டும். விமானத்தில் உள்ள ஒவ்வொரு கருவியும், அது உயரத்தைக் காட்டும் கருவியாயினும், விமானத்தின் சாய்வை உணரும் ஜைரோ ஆயினும், கம்பிகளின் வழியாகவே மற்றக் கருவிகளோடு பேசுகிறது. கருவியைக் கழற்றவும் மாட்டவும் வேண்டியிருப்பதால் கம்பிகளை நேரடியாக அதனுள் பற்றவைத்துவிட முடியாது. ஆகவே இடையில் ஒரு கனெக்டர் இருக்கும். பெரும்பாலும் வட்ட வடிவம், உலோகக் கூடு, அதனுள்ளே மின்கடத்தாப் பொருளால் ஆன ஒரு வட்டத் துண்டு, அதில் தங்கமுலாம் பூசிய மெல்லிய ஊசிகள். எதிர்ப்பக்கத்தில் அந்த ஊசிகள் நுழையும் சாக்கெட்டுகள். (ஆய்வுக்கூடத்தில் நாங்கள் ஊசியைப் பின் என்றே சொல்வோம். தமிழில் எழுதும்போது "வளைந்த பின்" என்றால் பொருள் மாறிவிடுவதால் ஊசி என்று எழுதுகிறேன்.)

இந்த ஊசிகளில் கம்பியை இணைப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று சால்டர் வைப்பது. மற்றொன்று, ஊசியின் பின்பகுதியில் உள்ள குழாயினுள் கம்பியைச் செருகி, அதற்கென்றே அளவு திருத்தப்பட்ட கருவியால் குழாயை நசுக்குவது. இதனைக் கிரிம்ப் என்பார்கள். நசுக்குவது என்றதும் முரட்டு வேலை என்று தோன்றும். உண்மையில் நல்ல கிரிம்ப்பில் கம்பியின் இழைகளும் குழாயின் சுவரும் இடையே காற்றுக்கூட நுழைய முடியாதபடி ஒன்றோடொன்று அழுந்தி நிற்கும். சால்டரோ, உருகிய நிலையில் இழைகளுக்கிடையே ஏறிச் சென்று, கம்பியில் ஒரு விறைப்பான பகுதியை உண்டாக்கிவிடும். விமானம் அதிரும்போது அந்த விறைப்பு முடியும் இடத்தில்தான் கம்பி முறியும். விமானக் கம்பித் தொகுப்புகளில் கிரிம்ப் பெரிதும் விரும்பப்படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆயினும் பழைய கருவிகள் பலவற்றில் சால்டர் இணைப்புகளே இருக்கின்றன. எங்கே எதைச் செய்யலாம் என்பதை அந்தந்தக் கருவியின் பராமரிப்புக் கையேடு சொல்லும். அந்தக் கையேட்டைப் பாராமல் தொடலாகாது என்பது இத்துறையின் முதல் பாடம்.

சேதமடைந்த கனெக்டரைப் பழுதுபார்ப்பதில் உள்ள உண்மையான இடர், பழுது சரியாகாமல் போவதன்று. அப்படியானால் உடனே தெரிந்துவிடும். பழுது சரியானதுபோல் தோன்றுவதுதான் இடர். பத்தொன்பது இழைகள் உள்ள கம்பியில் பதினெட்டு முறிந்து ஒன்று மட்டும் பற்றிக்கொண்டிருந்தாலும் மல்டிமீட்டர் 'பீப்' என்று ஒலிக்கும். மேசையின் மேல் அசையாமல் கிடக்கும் கருவி ஒழுங்காக வேலை செய்யும். பறக்கும்போது, குளிரில் உலோகம் சுருங்கி, எஞ்சினின் அதிர்வில் அந்த ஓர் இழையும் விட்டு விட்டுத் தொடும்போது, ஒரு கணம் தவறான அளவு தோன்றி மறையும். தரையிறங்கிய பின் சோதித்தால் எல்லாம் சரியாக இருக்கும். "பழுது எதுவும் காணப்படவில்லை" என்ற குறிப்போடு கருவி திரும்பி வரும். பராமரிப்புத் துறையில் இருப்பவர்களுக்கு இந்தக் குறிப்பைப் போல எரிச்சலூட்டும் சொற்றொடர் வேறில்லை.

இனி என் கதை. இதில் பெருமைப்பட எனக்கு ஒன்றுமில்லை.

என் ஆய்வின் ஓர் அத்தியாயம், சிலிக்கான் சில்லில் அமைந்த புதிய வகை ஜைரோக்கள் அதிர்வின்போது எவ்வளவு பிழை காட்டுகின்றன என்பதைப் பற்றியது. ஒப்பிடுவதற்கு நம்பகமான ஒரு பழைய கருவி வேண்டியிருந்தது. சேவையிலிருந்து நீங்கிய ஒரு பயிற்சி விமானத்தின் ஜைரோ எங்களுக்குக் கிடைத்தது. காற்றுப் புகாமல் முழுதும் மூடி முத்திரையிடப்பட்ட, உற்பத்தி நின்றுபோன கருவி. அது வந்து சேர்ந்தபோது, கருவியின் மேல் உள்ள கனெக்டரில் ஓர் ஊசி வளைந்திருந்தது. யாரோ எப்போதோ எதிர்ப்பகுதியைக் கோணலாக வைத்து அழுத்தியிருக்க வேண்டும்.

அப்போது எங்கள் கூடத்தில் ஒரு மூத்த தொழில்நுட்பப் பணியாளர் இருந்தார். ஓய்வுபெற்ற பிறகு ஒப்பந்தத்தில் மீண்டும் வேலைக்கு வந்தவர். கன்னடத்தில் வாத்தியாரைக் குறிக்கும் 'மேஷ்ட்ரு' என்ற சொல்லாலேயே எல்லாரும் அவரை அழைப்போம். அவர் உருப்பெருக்கியின் கீழ் அந்த ஊசியை வெகுநேரம் பார்த்தார். பிறகு, தமிழும் கன்னடமும் கலந்த தம் பேச்சில், "சார், இதை நான் தொடமாட்டேன்" என்றார்.

"ஒரே ஓர் ஊசிதானே மேஷ்ட்ரே, நிமிர்த்திவிட்டால் போதுமே?"

"ஊசி எதுல உட்கார்ந்திருக்குன்னு பாருங்க சார். கண்ணாடி. நிமிர்த்தறது பெரிசில்ல. அடியில கண்ணாடி விரிசல் விட்டா என்ன பண்ணுவீங்க? கையேடு வரட்டும்."

அவர் சொன்னதை விளக்க வேண்டும். சாதாரண கனெக்டரில் ஊசி ஒவ்வொன்றையும் தனித்தனியே வெளியே எடுத்து மாற்றலாம். அதற்கென எளிய கைக்கருவி உண்டு. ஆனால் முத்திரையிட்ட கருவிகளின் கனெக்டரில் ஊசிகள் உருகிய கண்ணாடியால் உலோகத் தட்டில் நிலையாகப் பதிக்கப்பட்டிருக்கும். உள்ளே உள்ள வாயு வெளியேறாமலும், வெளியே உள்ள ஈரம் உட்புகாமலும் காப்பது அந்தக் கண்ணாடிதான். ஊசியை வளைத்தால் அதன் விசை முழுவதும் அடியிலுள்ள கண்ணாடியின் மேல் விழும். ஒருமுறை வளைந்தபோதே கண்ணாடி நொந்திருக்கக்கூடும். திரும்ப நிமிர்த்துவது இரண்டாவது அடி. எவ்வளவு வளைவு வரை நிமிர்த்தலாம், அதற்கு மேல் என்றால் முழு கனெக்டரையும் மாற்றி மீண்டும் முத்திரையிட வேண்டுமா என்பதைக் கையேடுதான் சொல்ல வேண்டும். கையேடு இல்லையென்றால், கருவியை அறிந்த யாரேனும் எழுத்தில் சொல்ல வேண்டும். மேஷ்ட்ரு கேட்டது அவ்வளவே.

எனக்கோ அதிர்வு மேடையில் நான்கு நாள் மட்டும் ஒதுக்கப்பட்டிருந்தது. அந்த வாய்ப்பைத் தவறவிட்டால் மீண்டும் கிடைக்கப் பல வாரங்களாகும். இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் இரவு, அவர் வீட்டுக்குப் போன பிறகு, மூக்குக் குறட்டை எடுத்து நானே ஊசியை நிமிர்த்தினேன். ஒரு நிமிட வேலை. கேபிள் பக்கத்துச் சாக்கெட்டில் மல்டிமீட்டரின் முனையைச் செருகிச் சோதித்தேன். 'பீப்' என்றது. பதிவேட்டில் எதுவும் எழுதவில்லை. எழுதினால் மறுநாள் அவர் கேட்பார் என்ற அச்சம்தான்.

சோதனை நடந்தது. குறிப்பிட்ட ஓர் அதிர்வெண்ணைத் தாண்டியதும் பழைய ஜைரோவின் அளவுகளில் இடையிடையே வெற்றிடங்கள் தோன்றின. பழைய கருவி, ஆயுள் முடிந்திருக்கும் என்று முடிவு கட்டினேன். வழிகாட்டிக்கும் அப்படியே மின்னஞ்சல் எழுதினேன். மூன்று வாரம் மென்பொருளில் வடிகட்டிகளை மாற்றி மாற்றி அந்த வெற்றிடங்களை நிரப்ப முயன்றேன். கடைசியில் மேஷ்ட்ருதான் கண்டுபிடித்தார். கேபிள் பக்கத்துச் சாக்கெட்டில், சரியான அளவுள்ள சோதனை ஊசி ஒன்றைச் செருகிக் கவிழ்த்தார். ஊசி தானாக நழுவி விழுந்தது. மற்றச் சாக்கெட்டுகளில் அது பிடித்துக்கொண்டு நின்றது. சாக்கெட்டைவிடத் தடித்த மல்டிமீட்டர் முனையை நான் செருகியதில் அதன் வில் விரிந்துபோயிருந்தது. அவர் என்னைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை. நுண்ணோக்கியை என் பக்கம் திருப்பினார். நான் நிமிர்த்திய ஊசியின் அடியில், கண்ணாடியில், மயிரிழை போல் ஒரு விரிசல் ஓடியிருந்தது.

சாக்கெட்டை மாற்றிவிடலாம், மாற்றினார். கருவியின் முத்திரை போனது போனதுதான். இனி அதனை ஒப்பீட்டுக் கருவியாக நம்ப முடியாது.

அதற்கடுத்த மாதம் நடந்த மீளாய்வுக் கூட்டத்தில், தாமதத்துக்கான காரணங்களில் ஒன்றாகத் "தொழில்நுட்பப் பணியாளரிடமிருந்து போதிய ஒத்துழைப்பின்மை" என்று ஒரு வரி குறிக்கப்பட்டது. அவர் முதல் இரண்டு நாள் தொட மறுத்ததைத்தான் அந்த வரி சுட்டியது. நான் அந்த அறையில் இருந்தேன். வாய் திறக்கவில்லை. அவர் அந்தக் கூட்டத்துக்கு அழைக்கப்படவேயில்லை. அவ்வாண்டு மார்ச்சில் அவருடைய ஒப்பந்தம் முடிந்தது; நீட்டிக்கப்படவில்லை. அந்த ஒரு வரிதான் காரணம் என்று சொல்ல என்னிடம் சான்றில்லை. அந்த வரி தவறு என்பதற்கான சான்று என்னிடம் மட்டுமே இருந்தது.

"கனெக்டர் மாட்டத் தெரிந்தால் போதும்" என்ற வாக்கியம் என்னை ஏன் இவ்வளவு சுட்டது என்பது இப்போது புரியும்.

கனெக்டர் என்ற இந்தச் சிறு பொருள் எவ்வளவு பெரிய வேலையைக் கவிழ்க்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே எடுத்துக்காட்டு உண்டு. 2010 டிசம்பர் 25 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஜி.எஸ்.எல்.வி. எஃப்-06 ஏவப்பட்டது. பெங்களூரில் உருவான, 2310 கிலோ எடையுள்ள ஜிசாட்-5பி செயற்கைக்கோள் அதில் இருந்தது. ஏறத்தாழ 47 நொடிகள் வரை எல்லாம் ஒழுங்காக நடந்தன. பிறகு ராக்கெட் கட்டுப்பாட்டை இழந்தது. பாதுகாப்பு கருதி அழிக்கப்பட்டது. விசாரணையில் வெளிப்பட்டது என்ன? ரஷ்யக் கிரையோஜெனிக் அடுக்கின் அடிப்பகுதியில் இருந்த பத்து கனெக்டர்கள் உரிய காலத்துக்கு முன்பே பிரிந்துவிட்டன. மேலே உள்ள கணினியின் கட்டளைகளைக் கீழே முதல் அடுக்கைச் சுற்றியுள்ள நான்கு திரவ எரிபொருள் எஞ்சின்களுக்குக் கொண்டுசெல்பவை அவற்றுள் சில. 292-ஆம் நொடியில், பிரியுமாறு கட்டளை வந்த பிறகே அவை பிரிந்திருக்க வேண்டும். கணினி ஒழுங்காகத்தான் இருந்தது. எஞ்சின்களும் எரிந்துகொண்டுதான் இருந்தன. இடையில் பேச்சு நின்றுவிட்டது.

அதன் பிறகு இஸ்ரோ செய்ததுதான் இங்கே கவனிக்கத்தக்கது. "கனெக்டர் கழன்றுவிட்டது, அடுத்த முறை இறுக்கமாக மாட்டுவோம்" என்று விட்டுவிடவில்லை. கனெக்டர் ஏன் கழன்றது என்று கேட்டார்கள். பறப்பின் விசைகளில் கிரையோஜெனிக் அடுக்கின் உறை உருத்திரிந்தது என்ற இடத்துக்கு அந்தக் கேள்வி அவர்களைக் கொண்டுசென்றது. உறையும், கம்பிகள் செல்லும் புறவழியும் மறுவடிவமைப்புச் செய்யப்பட்டன. அடுத்த ஜி.எஸ்.எல்.வி. 2014 ஜனவரி 5 அன்றுதான் பறந்தது, வெற்றி பெற்றது. இடையில் மூன்றாண்டுகள். பத்து கனெக்டர்களுக்காக மூன்றாண்டுகள் என்று கேலி பேசுவோர் பேசலாம். (இடைப்பட்ட காலத்தில் இந்தியக் கிரையோஜெனிக் எஞ்சினின் பணிகளும், 2013 ஆகஸ்டில் எரிபொருள் கசிவால் நின்றுபோன ஒரு முயற்சியும் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

காரணத்தைக் கேட்காமல் கனெக்டரோடு நின்றுவிட்டால் என்னவாகும் என்பதற்கு, நம் ஊரிலன்று, ஜகார்த்தாவில் ஒரு துயரமான சான்று இருக்கிறது. 2018 அக்டோபர் 29 அன்று லயன் ஏர் நிறுவனத்தின் போயிங் 737 மேக்ஸ் விமானம் கடலில் விழுந்து 189 பேர் இறந்தனர். அந்த விபத்தைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் மென்பொருளைப் பற்றியே பேசுகிறோம். அது சரியே, முதன்மைக் குற்றம் அங்கேதான். ஆனால் இந்தோனேசிய விசாரணைக் குழுவின் அறிக்கையில் பழுதுபார்ப்பவர்கள் படிக்க வேண்டிய பக்கங்கள் வேறு. விமானத்தின் மூக்குக் கோணத்தை உணரும் இடப்பக்க உணரி, அமெரிக்காவில் ஒரு பழுதுபார்ப்பு நிலையத்தில் சரிசெய்யப்பட்டு வந்த ஒன்று. அது 21 பாகை தவறாகக் காட்டியது. அந்த நிலையம், கையேட்டில் சொல்லப்பட்ட சோதனைக் கருவிக்கு மாற்றாக வேறொன்றைப் பயன்படுத்தியிருந்தது. அதை எப்படிக் கையாள வேண்டும் என்பதற்கு அங்கே எழுத்துவடிவ வழிமுறை இல்லை. அக்டோபர் 28 அன்று பாலித் தீவின் டென்பசாரில் அந்த உணரி விமானத்தில் பொருத்தப்பட்டது. அன்றிரவே ஜகார்த்தாவுக்கு வந்த பயணத்தில் விமானம் தானாக மூக்கைத் தாழ்த்தத் தொடங்கியது. விமானிகள் எப்படியோ சமாளித்துத் தரையிறக்கினர்.

அடுத்து நடந்ததுதான் என் நெஞ்சில் நிற்கிறது. அந்த விமானிகள் பதிவேட்டில் எல்லாவற்றையும் எழுதவில்லை. வேகமும் உயரமும் ஒத்துப்போகவில்லை என்பதை எழுதினார்கள். உணர்அழுத்தம் தொடர்பான எச்சரிக்கை விளக்கு எரிந்ததை எழுதினார்கள். கைப்பிடி அதிர்ந்துகொண்டே இருந்ததையும், விமானம் மூக்கைத் தாழ்த்தியதையும் எழுதவில்லை. ஜகார்த்தாவில் இரவுப் பணியில் இருந்த பராமரிப்பாளர் பதிவேட்டைப் படித்தார். எழுதியிருந்ததற்கு ஏற்பக் காற்றழுத்தக் குழாய்களைச் சுத்தம் செய்தார். பிறகு ஒரு கணினியின் மின் கனெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினார். தரையில் சோதித்தார், சரியாக இருந்தது, கையொப்பமிட்டார். காலையில் விமானம் புறப்பட்டது.

அந்த மனிதரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் தம் முன் இருந்த காகிதத்துக்கு வேலை செய்தார். அந்தக் காகிதத்தில் உண்மையின் பாதி இல்லை. என் ஆய்வுக்கூடப் பதிவேட்டில் நான் எழுதாமல் விட்ட வரியால் மேஷ்ட்ரு மூன்று வாரம் தேடினார். அங்கே உயிர்கள், இங்கே ஓர் அத்தியாயமும் ஒரு கருவியும். அளவில் இரண்டையும் ஒப்பிடுவதே அநாகரிகம். செயலின் வகை மட்டும் ஒன்று.

விமான நிறுவனங்களுக்கும் எங்களைப் போன்ற ஆய்வுக்கூடங்களுக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே கவனிக்க வேண்டும். நம் நாட்டில் விமானப் பராமரிப்புப் பொறியாளர் ஒருவர், விமானப் போக்குவரத்து இயக்குநரகம் வழங்கிய உரிமம் உடையவர். மின்னணுக் கருவிகளுக்கென்று அதில் தனிப் பிரிவே உண்டு. உரியவர் கையொப்பமிட்டுச் சேவைக்கு விடுவிக்காத விமானம் பறக்க முடியாது. நிறுவனத் தலைவரே வந்து நின்றாலும் அவர் மறுக்கலாம். மறுப்பதற்கான உரிமை அந்த உரிமத்தோடு வருகிறது. அந்த உரிமை எப்போதும் மதிக்கப்படுகிறது என்று சொல்ல நான் அவ்வளவு வெகுளியல்லன். ஆனால் எழுத்தில் இருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் அதே ஊசியை, அதே உருப்பெருக்கியின் கீழ், அதே கவனத்தோடு பார்க்கும் ஐ.டி.ஐ. படித்த பணியாளருக்கு அப்படி எதுவும் இல்லை. அவர் மறுத்தால் அதன் பெயர் ஒத்துழைப்பின்மை. எங்கள் கருவிகளும் சோதனை விமானங்களில் ஏறுகின்றன. சோதனை விமானங்களிலும் மனிதர்கள் அமர்ந்திருக்கிறார்கள்.

நண்பர் ஒருவர் வாதிடுவார்: இவ்வளவு சிக்கல் எதற்கு, சேதமான கனெக்டரைத் தூக்கிப் போட்டுப் புதியது வாங்கினால் தீர்ந்ததே. முடிந்தால் நானும் அதையே சொல்வேன். கேபிள் பக்கத்துக் கனெக்டரைப் பெரும்பாலும் மாற்றலாம்தான். அதற்கும் சான்றிதழோடு வரும் தரமான கனெக்டர் வேண்டும். வெளிநாட்டிலிருந்து வர வாரக்கணக்கில், சிலபோது மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எஸ்.பி. ரோட்டில் தேடினால் உருவத்தில் ஒத்த வட்டக் கனெக்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கலாம். எந்த விமானத்திலிருந்து, எத்தனை முறை கழற்றி மாட்டப்பட்டு அங்கே வந்தது என்பதை விற்பவரும் அறியார். கல்லூரிச் செயல்திட்டத்துக்கு அது போதும். பறக்கும் கருவிக்குப் போதாது. கருவியோடு ஒட்டிய கனெக்டரோ, நான் பட்ட பாட்டைப்போல், கருவியின் உடம்பின் ஒரு பகுதி. உற்பத்தி நின்ற கருவிக்குப் புதியது எங்கே வாங்குவது? நம் விமானப்படையும் ஆய்வுக்கூடங்களும் பல பத்தாண்டுகள் பழமையான கருவிகளோடு வாழ்கின்றன. பழுதுபார்க்கத் தெரிந்த கை இல்லாமல் இவை ஓடா.

உண்மையில் இந்த ஊரின் வானூர்தித் தொழில் பழுதுபார்ப்பில் வளர்ந்தது. 1940 டிசம்பரில் வால்சந்த் ஹீராசந்த் மைசூர் அரசின் துணையோடு இங்கே இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தைத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அது அமெரிக்க விமானப்படையின் பழுதுபார்ப்பு நிலையமாக இயங்கியது. போர் முடிந்த பிறகு நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த கதை. பி-24 லிபரேட்டர் என்னும் பெரிய குண்டுவீச்சு விமானங்களைக் கான்பூரில் கைவிட்டுச் சென்றனர். யாரும் பயன்படுத்தக் கூடாதென்று அவற்றைச் சிதைத்துவிட்டே சென்றனர். எஞ்சின்களில் மணல் கொட்டப்பட்டிருந்தது. எச்.ஏ.எல். பணியாளர்கள் அங்கே சென்று, ஒன்றின் உறுப்பை மற்றொன்றுக்குப் பொருத்தி, பெங்களூர் வரை பறக்கும் அளவுக்கு அவற்றைத் தேற்றினர். தலைமைச் சோதனை விமானி ஜிம்மி முன்ஷி அவற்றைப் பறந்து கொண்டுவந்தார். இங்கே முழுமையாகச் செப்பனிடப்பட்ட அந்த விமானங்களைக் கொண்டு 1948 நவம்பரில் விமானப்படையின் 5-ஆம் படைப்பிரிவு அமைந்தது. கடைசி லிபரேட்டர் 1968 வரை சேவையில் இருந்தது. அவற்றுள் ஒன்று பின்னர் பிரிட்டனின் விமானப்படை அருங்காட்சியகத்துக்கே நம்மால் அன்பளிப்பாக வழங்கப்பட்டது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும்.

இந்தக் கதையைச் சொல்லும்போது நாம் முன்ஷியின் பெயரைச் சொல்கிறோம். வால்சந்தின் பெயரைச் சொல்கிறோம். அந்த விமானங்களின் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தேடி இணைத்தவர்களின் பெயர்கள் நம் நாவில் வருவதில்லை. இதனை வரலாற்றுக் குறையாக மட்டும் நான் சொல்லவில்லை. பெயர் எழுதாத வேலையில் பொறுப்பும் எழுதப்படுவதில்லை. யார் தொட்டார், என்ன செய்தார், எதைச் செய்ய மறுத்தார் என்பது பதிவாகாத இடத்தில், என்னைப் போன்றவன் இரவில் குறட்டை எடுப்பது எளிதாகிவிடுகிறது.

ஆகவே என் கருத்தைச் சுருக்கமின்றிச் சொல்லிவிடுகிறேன். ஆய்வுக்கூடங்களில் கருவிகளைத் தொடும் தொழில்நுட்பப் பணியாளரின் மறுப்பு, ஒரு தொழில்நுட்பக் கருத்தாக எழுத்தில் ஏற்கப்பட வேண்டும். அதனை மீற விரும்பும் ஆய்வாளர், மீறுவதற்கான காரணத்தைத் தம் பெயரோடு எழுதட்டும். ஆராய்ச்சி மாணவனானாலும் பேராசிரியரானாலும், கருவியின் கனெக்டரைக் கழற்றியவர் எவரோ அவர் அந்தக் கருவியோடு செல்லும் பதிவேட்டில் கையொப்பமிட வேண்டும். அந்தப் பணியாளர் தொடர்பான குறை பேசப்படும் கூட்டத்தில் அவருக்கு ஒரு நாற்காலி போடப்பட வேண்டும். பதினொரு மாத ஒப்பந்தத்தில் இருப்பவர் இவற்றில் எதையும் கேட்க மாட்டார் என்பதால், இது நிரந்தரப் பணியிடமாக இருக்க வேண்டும். இதற்குப் பணமில்லை என்பார்கள். இறக்குமதிக் கருவிகளுக்கு நாம் எழுதும் கோரிக்கைகளைப் பார்த்திருக்கிறேன். பணமில்லை என்பதை நம்ப எனக்குச் சற்றுக் கடினமாக இருக்கிறது.

இப்படியெல்லாம் கேட்டால் வேலை மெதுவாகும் என்ற மறுப்பில் உண்மை இருக்கிறது. ஆகும். என் அவசரத்தில் எனக்கு மிஞ்சியது மூன்று வாரத் தாமதமும் ஒரு செத்த கருவியும் என்பதால், அந்த மறுப்புக்கு நான் நல்ல சாட்சியல்லன்.

மேஷ்ட்ருவிடம் நடந்ததைச் சொன்னேனா என்று கேட்பீர்கள். சொன்னேன், அவர் வேலையை விட்டுப் போன ஐந்து மாதம் கழித்து, அவருடைய வீட்டுக்குப் போய். "அன்னைக்கே தெரியும் சார், குறட்டோட பல் தடம் ஊசி மேல இருந்துச்சே" என்றார். காப்பி கொடுத்தார். அந்தக் கூட்டத்தின் குறிப்பைத் திருத்துமாறு கடிதம் எழுதியிருக்கிறேன் என்றேன். "எழுதுங்க" என்று மட்டும் சொன்னார். கடிதத்துக்கு இதுவரை பதில் வரவில்லை, மீண்டும் எழுதியிருக்கிறேன்.

மேலே சொன்ன அறிவிப்புக்கு விண்ணப்பிக்க இன்னும் சில நாள் இருக்கிறது. உங்களுக்குத் தெரிந்த ஐ.டி.ஐ. முடித்த பிள்ளைகள், குறிப்பாக ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் இருப்பவர்கள், விண்ணப்பிக்கட்டும். நேர்காணலில் ஒரு வளைந்த ஊசியைக் கொடுத்து நிமிர்த்தச் சொன்னால், முதலில் கையேட்டைக் கேட்கச் சொல்லுங்கள்.